இருப்புப்பாதை தந்த பாடகர்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள மெரிடியன், பல இருப்புப்பாதைகள் கூடும் நகரம். அந்நகரைச் சார்ந்து வளர்ந்தவர் ஜிம்மி ரோஜர்ஸ். 1897ஆம் ஆண்டு பிறந்த அவர், சிறுவயதிலேயே தாயை இழந்தார். தந்தை தண்டவாளங்களைச் செப்பனிடும் குழுவின் மேற்பார்வையாளர். உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்ததால், ஜிம்மியின் பள்ளிப்படிப்பு நிலைக்கவில்லை.

பதின்பருவத்தில் அவர் தந்தையின் குழுவினருக்குத் தண்ணீர் சுமக்கும் பணியில் சேர்ந்தார். நிறவேற்றுமை கடுமையாக நிலவிய காலம் அது. அங்கு உழைத்த கறுப்பினத் தொழிலாளர்கள், களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டே வேலை செய்தனர். அவர்கள் பாடலே ஜிம்மிக்குப் பாடமாயிற்று.

பின்னர் அவர் சரக்கு வண்டிகளில் பிரேக் இயக்கும் பணியாளரானார். 1924ஆம் ஆண்டு காசநோய் அவரைப் பற்றியது. அந்நோய்க்கு அன்று தக்க மருந்து இல்லை. கடினமான வேலையை உடல் தாங்கவில்லை. குடும்பம் வறுமையில் வாடியது. இனி இசையே வாழ்வு என்று அவர் துணிந்தார்.

1927 ஆகஸ்டில், பிரிஸ்டல் என்னும் ஊருக்கு இசைத்தட்டு நிறுவனத்தினர் வந்து பாடல்களைப் பதிவு செய்தனர். பதிவுக்கு முன்பே ஜிம்மியின் குழுவினர் அவரை விட்டுப் பிரிந்தனர். ஆயினும் அவர் கிட்டாருடன் தனியே நின்று இரண்டு பாடல்கள் பாடினார். அவை பெரும்புகழ் தரவில்லை. மனந்தளராத அவர், நிறுவனத்தாரைத் தேடிச் சென்று மறுவாய்ப்புப் பெற்றார். அந்த நவம்பரில் அவர் பதிவு செய்த பாடல், தொழிலாளர் இசையையும், குரலைச் சட்டென உச்சத்திற்கு உயர்த்தும் யோடல் முறையையும் இணைத்தது. அதன் இசைத்தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின.

1930ஆம் ஆண்டு, புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் எக்காளம் இசைக்க, ஜிம்மி ஒரு பாடலைப் பதிவு செய்தார். இரு நிறத்தவர் இணைந்து இசைப்பது அரிதாயிருந்த நாளில் நிகழ்ந்த செயல் இது.

நோயோ முற்றிக்கொண்டே வந்தது. 1933 மே மாதம், நியூயார்க்கில் ஒரு பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையே கட்டிலில் படுத்து இளைப்பாறியபடி அவர் பாடினார். இறுதிப் பதிவு முடிந்த இரண்டாம் நாள், மே 26 அன்று, முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். அவர் உடல் தொடர்வண்டியிலேயே மெரிடியனுக்கு வந்து சேர்ந்தது.

ஆறே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்த ரோஜர்ஸ், அமெரிக்க நாட்டுப்புற இசையின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அவர் பெயர் நிலைத்தது. அவருக்குப் பாட்டைக் கற்பித்த தொழிலாளர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும், அவர்கள் பாட்டு அவர் குரலில் இன்றும் ஒலிக்கிறது.