காற்றை அளந்த கடலோடி: ஸர் பிரான்ஸிஸ் பியூபோர்ட்

கண்ணுக்குப் புலனாகாத காற்றின் வலிமையைக் கருவியொன்றுமின்றி அளந்துரைக்க வழிவகுத்த பெரியாரொருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப்புகுகின்றோம்.

ஸர் பிரான்ஸிஸ் பியூபோர்ட் 1774ஆம் வருஷம் மே மாதம் 27ஆம் தேதி அயர்லாந்து தேசத்து நாவன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் திருச்சபைக் குரு. அயர்லாந்தின் தேசப்படமொன்றை வரைந்து புகழ் படைத்தவர். 15 வயது நிரம்புமுன்னரே, 1789இல், மைந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வான்ஸிட்டார்ட் என்னுங் கப்பலிற் கடல் புக்கார். அக்கப்பல் சுமாத்திராவையடுத்த காஸ்பர் ஜலசந்தியிற் சேதமுற்றது. சரியான படமில்லாக் கடல் எத்துணை ஆபத்தானதென்பதை இளமையிலேயே அவர் கண்டார். பின்னர்ப் பிரிட்டிஷ் கடற்படையிற் சேர்ந்து, 1800இல் ஸ்பெயின் கரையருகே நிகழ்ந்த சண்டையிற் கொடுங்காயங்கள் பட்டும் உயிர் தப்பினார்.

அக்காலத்தில் ஒரு மாலுமி பெருங்காற்று என்றெழுதியதை மற்றொருவர் இளங்காற்று என்றெழுதுவர். இக்குழப்பத்தை நீக்கக் கருதி, 1806 ஜனவரியில் ஊல்விச் என்னுங் கப்பலிலிருந்தபோது, காற்றின் படிகளை எண்ணிட்டுத் தம் நாட்குறிப்பில் வரைந்தார். ஸ்மீட்டன், டால்ரிம்பிள் முதலியோர் முன்னரே இத்துறையில் முயன்றவராயினும், ஒவ்வொரு படியையும் போர்க்கப்பல் விரிக்கக்கூடிய பாய்களோடு பொருத்தித் திட்டப்படுத்தியவர் இவரே. இறுதியாகிய 12ஆம் படி சண்டமாருதம். அதன்முன் எப்பாயும் நில்லாது.

1829 முதல் 1855 வரை கடற்படங்கள் தயாரிக்கும் இலாகாவின் தலைவராய் விளங்கினார். 1831இற் புறப்பட்ட பீகிள் என்னுங் கப்பலில் டார்வின் செல்லத் துணைபுரிந்தவரும் அவரே. அதன் தலைவர் பிட்ஸ்ராய் அவருடைய அளவையைக் கையாண்டார். 1838இல் கடற்படைக் கப்பல்கள் யாவும் அதனைப் பின்பற்றலாயின. 1857 டிசம்பர் 17ஆம் தேதி பியூபோர்ட் காலஞ்சென்றார்.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் பாய்கள் மறைந்தன, அளவையோ மறைந்திலது. 1927இல் பீட்டர்ஸன் என்னும் ஜெர்மானிய மாலுமி அப்படிகளைக் கடல்நீரின் தோற்றத்தோடு பொருத்தினார். 12ஆம் படியிற் கடல் முழுதும் வெளுத்து, நுரையும் நீர்த்திவலையும் வானை நிரப்பும். அக்காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 118 கிலோமீட்டரும் அதற்கு மேலுமாம்.

ஆண்டுக் கடலுக்கும் காற்றுக்கும் எல்லை காண்டல் அரிது. அலைமுகட்டினின்று பிய்த்தெறியப்படும் திவலைகள் கடலின் வெப்பத்தைக் காற்றுக்கீகின்றன. ஆவியாகுங்கால் காற்றின் வெப்பத்தைக் கவர்ந்து அதற்கு ஈரமளிக்கின்றன. புயலுக்கு உணவாவன வெப்பமும் ஈரமுமே. அன்றியும், காற்று வலுக்க வலுக்கக் கடற்பரப்பின் தடையும் ஓயாது பெருகுமென நெடுங்காலம் கருதப்பட்டது. விமானத்தினின்று புயலினுள் வீழ்த்திய கருவிகளின் அளவுகளை ஆராய்ந்தோர், விநாடிக்குச் சுமார் 33 மீட்டர் வேகத்திற்குமேல் அத்தடை பெருகாது நின்றுவிடுகிறதென 2003இல் வெளியிட்டனர். நுரையும் திவலையும் அதற்குக் காரணமாகலாமென்றும் கருதினர். அவ்வேகம் பியூபோர்ட் அளவையின் 12ஆம் படி தொடங்குமிடமேயாம்! பாய் கிழிபட்டு அவர் நிறுத்திய எல்லையில் இற்றைநாள் ஆராய்ச்சி தொடங்குகின்றது. புயல் எத்துணை வலுக்குமென முன்னறிந்து கரைவாழ் மக்களைக் காத்தல் அதனைப் பொறுத்துள்ளது.

மாணவ நண்பர்களே! கண்டதைக் கண்டவாறு, பிறரும் அறியும் அளவோடு, நாடோறும் எழுதிவைத்தார் ஒருவர். அவ்வெழுத்து அவருக்குப்பின் எண்ணிறந்த கப்பல்களுக்குப் பொதுமொழியாயிற்று. நமது குறிப்பேடுகளும் அவ்வுண்மையோடு எழுதப்படுமாக.