சர் கே. எஸ். கிருஷ்ணன்

பென்சிலைச் சீவுங்கால் விரலில் ஒட்டும் கருந்தூளைத் தட்டிவிட்டு எழுதத் தொடங்குகிறோம். கிராபைட் எனப்படும் அப்பொருளினுள் எலெக்ட்ரான்கள் இயங்கும் வகையை ஆராய்ந்து கண்டவர் தமிழ்நாட்டினர் ஒருவர். இராமனுக்குத் துணைநின்றவர் என்ற அளவிலேயே அவரை நாம் அறிந்திருத்தல் முறையன்று.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னதிலேயே இரசாயனச் சோதனைகளைச் செய்துகாட்டும் பணியேற்றார். அந்நாளில் அக்கல்லூரி உயர்நீதிமன்றத்திற்கு எதிரே இருந்தது. கவரைப்பேட்டையில் ரயிலேறும் என்போன்றார் கடற்கரை நிலையத்தில் இறங்கி நடந்தே அடையலாம். நண்பகல் உணவுவேளையில் மாணாக்கர் அவரைச் சூழ்ந்து ஐயங்களை வினவுவர். பிற கல்லூரியினரும் வந்து கூடுவர். இத்தகைய வகுப்பு நமக்கு வாய்க்கவில்லையே!

1923-இல் கல்கத்தாவில் இராமனிடம் சேர்ந்தார். 1928-இல் புதிய ஒளிச்சிதறலைக் கண்டபோது உடனிருந்து உழைத்தார். 1930-இல் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. இதனைப் பேசுவோர் பலர். அதன்பின் கிருஷ்ணன் தாமே செய்தவற்றைப் பேசுவோர் மிகச் சிலர்.

டாக்காவிலும், 1933 முதல் மீண்டும் கல்கத்தாவிலும் அவர் படிகங்களின் காந்த இயல்பை அளந்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப் புலத்திடையே நிறுத்தி, இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்குவார். ஒரு கோணத்தில் படிகம் திடீரெனச் சுழன்று திரும்பும். அக்கோணமே கணக்கிற்கு ஆதாரம். கங்குலி என்பாருடன் கிராபைட்டை இங்ஙனம் சோதித்தபோது, கரித்தகடுகளுக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை எதிர்க்கும் ஆற்றல், தகட்டின் வழியே உள்ளதைவிட ஏறத்தாழ 40 மடங்கு மிகுந்திருக்கக் கண்டார். மின்சாரமோ தகட்டின் வழியே எளிதிற் பாய்ந்தது. குறுக்கே செல்ல இடர்ப்பட்டது. எலெக்ட்ரான்கள் தகட்டினுள் உரிமையுடன் உலாவுகின்றன, தகடுவிட்டுத் தகடு தாவுதல் அரிது என்று 1941-இல் அவ்விருவரும் விளக்கினர்.

1940-இல் இலண்டன் அரச சங்கத்தின் உறுப்பினரானார். 1946-இல் சர் பட்டம் பெற்றார். 1947-இல் தில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் தலைவரானார். அவ்வாண்டிலேயே கனடாவில் வாலஸ் என்பார், ஒற்றைக் கரித்தகட்டின் ஆற்றற்பட்டைகளை ஏட்டில் கணித்து வெளியிட்டார். அத்தகைய ஒற்றைத் தகட்டை அந்நாளில் எவரும் பிரித்தெடுத்துப் பார்த்ததில்லை.

கிருஷ்ணன் 1961-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் மறைந்தார். 43 ஆண்டுகள் கழித்து, மான்செஸ்டரில் ஒட்டுநாடாவைக் கொண்டே அத்தகட்டை உரித்தெடுத்தனர். இன்று அதனைச் சில நானோமீட்டர் அகலமுள்ள கீற்றாக்கினால், அகலமும் விளிம்பின் வடிவும் மாறுந்தோறும் ஆற்றற்பட்டைகள் எவ்வாறு மாறும் என்பதனைக் கணிப்பொறிகள் கணித்துத் தருகின்றன. கிருஷ்ணனிடம் இருந்தது ஓர் இழையும் ஒரு காந்தமுமே.