தாடிக்கார டாக்டரின் இரண்டாவது ஆட்டம்

டபிள்யூ.ஜி. கிரேஸ் என்றால் கிரிக்கெட் மட்டும்தான்னு நானும் நினைச்சிருந்தேன். நீளத் தாடி, பெரிய உடம்பு, கையில் மட்டை. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் இரண்டு விளையாட்டில் இங்கிலாந்துக்குக் கேப்டன்! இன்னொன்று லான் பவுல்ஸ்.

அது என்னன்னு கேட்கிறீங்களா? நம்ம கோலி மாதிரி குறிபார்க்கிற ஆட்டம். புல்தரையில் ‘ஜாக்’ என்ற சின்னப் பந்தை முதலில் உருட்டிவிடுவார்கள். பிறகு பெரிய பந்துகளை அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி உருட்டணும். பெரிய பந்து நேராகப் போகாது, வளைந்துதான் போகும். அதுதான் கஷ்டம். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நம் நாட்டுப் பெண்கள் நால்வர் தங்கம் வென்றது இந்த ஆட்டத்தில்தான்.

கிரேஸ் 1848 ஜூலை 18 அன்று பிரிஸ்டல் அருகே டவுனெண்டில் பிறந்தார். 1879இல் டாக்டரானார். 1880இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 152 ரன் எடுத்தார். டெஸ்டில் இங்கிலாந்து வீரர் அடித்த முதல் சதம் அது. முதல்தர ஆட்டங்களில் 54,000 ரன்னுக்கு மேல் குவித்தார். சம்பளம் வாங்காத ஆட்டக்காரர் என்று பெயர், ஆனால் கிரிக்கெட்டில் நிறையவே சம்பாதித்தார். அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

1899 அவருக்குப் பொல்லாத வருஷம். மகள் பெஸ்ஸி டைபாய்டில் இறந்தாள். வயது 50, உடம்பு கனத்துவிட்டது. நாட்டிங்ஹாம் டெஸ்டில் குனிந்து பந்தெடுக்க முடியாமல் திணறினார். கூட்டம் கேலி செய்தது. அத்தோடு டெஸ்டிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

வேற ஆளா இருந்தா வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஒரு கிரிக்கெட் கிளப்பை நடத்தினார். அங்கேயே பவுல்ஸுக்குப் புல்தரையும் அமைத்தார். 1903இல் இங்கிலீஷ் பவுலிங் அசோசியேஷன் உருவானபோது அவர்தான் முதல் தலைவர். அந்த வருஷமே ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் அணிகளோடு போட்டி தொடங்கியது. 1905இல் மூத்த மகனும் இறந்துபோனார். ஆனாலும் 1908 வரை பவுல்ஸ் அணிக்கு அவரே கேப்டன்.

1915 அக்டோபர் 23 அன்று, 67 வயதில் காலமானார்.

ஓட்டப்பந்தயத்தில் நான் எப்பவும் கடைசிதான். ஓட முடியாதவனுக்கு விளையாட்டு எதுக்குன்னு யாராவது கேட்டால், இனிமேல் நான் கிரேஸ் கதையைச் சொல்வேன்.