காந்திக்கே சமையல் செஞ்ச திருச்சி டாக்டர்.. ஜெயிலுக்கு போய் மந்திரி ஆன கதை!

திருச்சி: திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க போன கதை எல்லோருக்கும் தெரியும். ராஜாஜி பெயரும் தெரியும். ஆனால் அந்த படை யார் வீட்டு வாசலில் இருந்து கிளம்பியது? அந்த வீட்டுக்காரர்தான் டாக்டர் தி.சே.சௌ.ராஜன்.

1880-ம் ஆண்டு ஸ்ரீரங்கத்தில் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை ராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்துவிட்டு பர்மாவில் டாக்டர் வேலை பார்த்தார். அதோடு திருப்திப்படாமல் மேல்படிப்புக்காக 1907-ல் லண்டனுக்கு கப்பல் ஏறினார்.

பாத்திரம் கழுவிய காந்தி

லண்டனில் அவருக்கு கிடைத்த சிநேகிதர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. வ.வே.சு.ஐயர், சாவர்க்கர் என்று எல்லோருமே வெள்ளைக்காரனை விரட்ட துடித்தவர்கள்.

1909-ல் அங்கே இந்தியர்கள் விஜயதசமி விருந்து வைத்தார்கள். மது, மாமிசம் கூடாது என்ற நிபந்தனையோடு காந்தி தலைமை தாங்க சம்மதித்திருந்தார். சமையல் பொறுப்பில் ராஜனும் இருந்தார். மெலிந்த ஆள் ஒருவர் வந்து காய்கறி சுத்தம் செய்து, பாத்திரம் கழுவி கொடுத்தார். யாரோ உதவிக்கு வந்தவர் என்றே நினைத்தார்கள். வ.வே.சு.ஐயர் வந்து பார்த்த பிறகுதான் அவர்தான் காந்தி என்று தெரிந்தது. எல்லோரும் ஆடிப்போனார்கள்!

எம்.ஆர்.சி.எஸ். பட்டத்தோடு ஊர் திரும்பிய ராஜன் திருச்சியில் பெயர் பெற்ற டாக்டர் ஆனார். சீமையில் படித்த டாக்டர் என்றால் அந்த காலத்தில் காசுக்கு பஞ்சமே இல்லை. ஆனால் மனுஷன் சும்மா இருக்கவில்லை. 1919-ல் ரவுலட் சட்டத்தை எதிர்த்து போராட்டத்தில் குதித்தார்.

வீட்டு வாசலில் உப்பு படை

1930 ஏப்ரல் 13. கண்டோன்மென்டில் இருந்த ராஜன் வீட்டில் இருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 பேர் கிளம்பினார்கள். 240 கிலோ மீட்டர் நடை. இந்த படைக்கு சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஜனங்கள் அசரவில்லை. ஏப்ரல் 28-ந்தேதி படை வேதாரண்யம் போய் சேர்ந்தது.

படைக்கு தன் வீட்டையே கொடுத்த ராஜனும் அந்த போராட்டத்தில் ஜெயிலுக்கு போனார். கை நிறைய சம்பாதித்த டாக்டருக்கு ஜெயில் களி!

500 ரூபாய் மந்திரி

1934-ல் டெல்லி மத்திய சட்டசபைக்கு தேர்வானார். 1937-ல் ராஜாஜி சென்னை மாகாண பிரதமர் ஆனதும் ராஜனுக்கு பொது சுகாதாரம், அறநிலையத்துறை இரண்டும் கிடைத்தன. காங்கிரஸ் மந்திரிகளுக்கு மாச சம்பளம் 500 ரூபாய்தான் என்பது அப்போது கட்சி போட்ட கட்டுப்பாடு.

அவர் அறநிலையத்துறை மந்திரியாக இருந்தபோதுதான், 1939 ஜூலை 8-ந்தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைந்தார்கள். காலம் காலமாக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு கதவு திறந்தது. அவர்களை உள்ளே விட்டவர்கள் மீது யாரும் வழக்கு போட முடியாதபடி அரசு சட்டமே கொண்டு வந்தது. ஸ்ரீரங்கத்து ஆச்சார குடும்பத்தில் பிறந்தவர் அந்த துறையின் நாற்காலியில் இருந்தபோது இது நடந்தது என்பதுதான் விசேஷம்.

இந்தியாவை கேட்காமலே வெள்ளைக்காரன் உலகப்போரில் இழுத்து விட்டதால் 1939 அக்டோபரில் மந்திரிசபையே ராஜினாமா செய்தது. நாற்காலி போச்சே என்று ராஜன் ஒதுங்கிவிடவில்லை. 1947-ல் ஓமந்தூரார் மந்திரிசபையிலும் இடம் பிடித்தார்.

எழுத்திலும் ஆள் கெட்டிக்காரர். நினைவு அலைகள் என்ற பெயரில் தன் வாழ்க்கை கதையை தமிழில் எழுதி வைத்தார். 1953-ல் காலமானார்.

இனிமேல் வேதாரண்யம் உப்பு போராட்டம் என்று யாராவது பேசினால், முதல் அடி எடுத்து வைத்த அந்த டாக்டர் வீட்டு வாசலையும் சேர்த்து நினைச்சுக்குங்க.