ரப்பர் ரிட்லிக்கு எறும்புகள் மேலும் ஒரு கண்

உங்க தாத்தா பாட்டி ஜொகூர் தோட்டத்துல பால்மரம் சீவினவங்களா? அப்படின்னா உங்க குடும்பக் கதையில் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லிக்கும் பங்கு உண்டு.

1855இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்தார். மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மெல்லிசாகச் சீவி அதே வெட்டில் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். காப்பித் தோட்டக்காரர்களை ரப்பர் நடச் சொல்லி நச்சரித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பெயர் வந்தது. பிறகு ரப்பர் விலை ஏறியது, காடுகள் தோட்டமாயின, தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

ஆனா அவர் வெறும் ரப்பர்காரர் இல்லை. ஜொகூரின் குனோங் லேடாங் தாவரங்களைப் பற்றி எழுதியவர். 1910இல், எறும்புகளும் செடிகளும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்.

நம்ம சாலையோரத்தில் வளரும் மஹாங் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சில வகைகளில் தண்டு உள்ளே குழாய் மாதிரி இருக்கும். எறும்புக்கு அதுதான் வீடு. கொழுப்பும் புரதமும் உள்ள வெள்ளைத் துகள்களை மரமே தயாரித்துக் கொடுக்கிறது. சர்க்கரைக்கு? தண்டுக்குள் எறும்பு வளர்க்கும் செதில்பூச்சிகள், மரத்தின் சாற்றைக் குடித்து, மிச்சத்தை இனிப்பு நீராக வெளியேற்றுகின்றன. சாப்பாட்டுக்கு எறும்பு மரத்தை விட்டு இறங்கவே வேண்டாம். பதிலுக்கு, இலை தின்னும் பூச்சிகளையும் சுற்ற வரும் கொடிகளையும் விரட்டுகிறது.

இந்தச் செலவு மண்ணைப் பொறுத்தது. உரம் போட்ட மஹாங் செடிகள் அதிகத் துகள்களைத் தந்ததைப் பிற்கால ஆய்வு காட்டியது. சத்தில்லாத மண் என்றால் எறும்பின் தட்டிலும் குறையும்.

வேறொரு செடியில் சத்து எதிர்ப்பக்கமாகப் போகிறது. மரக்கிளைகளில் தொற்றி வளரும் டிஸ்கிடியாவுக்கு மண்ணே கிடையாது. பை போன்ற அதன் இலைகளில் எறும்புகள் குப்பை கொட்டுகின்றன, வேர் அதற்குள் நுழைந்து உறிஞ்சுகிறது. அதன் நைட்ரஜனில் 29 விழுக்காடு இப்படி வருவதாக 1995இல் சரவாக் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. எறும்பின் மூச்சுக்காற்றைக்கூட அந்த இலை விடுவதில்லை!

ரிட்லி ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, மலாயா தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதினார். 83 வயதில் கல்யாணம். 1956இல், நூறு வயதில் இறந்தார்.

அடுத்த முறை பழைய தோட்டத்துப் பக்கம் போனா, ஓரத்தில் நிற்கும் மஹாங் கிளையை லேசா தட்டிப் பாருங்க. கையை மட்டும் சீக்கிரம் எடுத்துடுங்க.