பனிக்கட்டி வணிகர் பிரெடரிக் டியூடர்

கெடில நதியின் கரையில் விளங்கும் திருவந்திபுரம் கடலூர்க்கு அணித்தேயுள்ள ஒரு திருப்பதி. தேவநாதப் பெருமான் கோயில்கொண்டுள்ள அவ்வூரில் முகூர்த்த நாட்களில் ஒரே காலையிற் பற்பல திருமணங்கள் நடைபெறுதலை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். அந்நாட்களில் மண்டபங்களின் சமையற்கட்டுகளில் விடியுமுன்னரே அடுப்பெரியத் தொடங்கும். பாலும் தயிரும் தேங்காய்த் துருவலும் நறுக்கிய காய்களும் கெடாதிருத்தற்பொருட்டு இக்காலத்தே ஆளுயரக் குளிர்ப்பெட்டிகளை வைத்துக்கொள்ளுகின்றனர். அப்பெட்டியினுள்ளே வெப்பம் 5 பாகைக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். மேற்பட்டு ஓர் இரவு கழியுமாயின் பால் திரியும். நூற்றுக்கணக்கானோர்க்கு இடும் விருந்து நோய்க்குக் காரணமாகவும் கூடும். ஆதலின், முகூர்த்தத்தின் முன்னிரவிற் குளிர்ப்பெட்டி பழுதுறுமாயின் அஃது எளிய செய்தியன்று.

அத்தகைய வேளையில் அழைக்கப்பெறும் தேர்ந்த மெக்கானிக், கம்ப்ரஸரை உடனே பிரிக்கத் தொடங்குவதில்லை. முதலிற் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் இற்றுப்போயிற்றா என்று நோக்குவார். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பார். அது தடையின்றி வந்துவிடின், அவ்வழியே வெளிக்காற்று உட்புகுகின்றது என்பது தெளிவு. பின்னர், வெப்பத்தை வெளிவிடும் காயிலில் அடுக்களையின் எண்ணெய்ப் புகையும் மாவுத்தூசியும் படிந்துள்ளனவா, உட்புறத்துக் காயிலை உறைபனி மூடிக்கொண்டதா, நீர் வடியும் குழாய் அடைபட்டதா, கொதிக்கும் சாம்பார் அண்டாவை யாரேனும் ஆறவிடாமல் உள்ளே வைத்துவிட்டனரா என்று ஒவ்வொன்றாக ஆராய்வார். இவற்றிற் குறை காணாதபோதே கேஸ் கசிவையும் கம்ப்ரஸரையும் ஆராயப் புகுவார். இவ்வொழுங்கிற்குக் காரணம் உண்டு. குளிர் என்பது தனிப் பொருளன்று. வெப்பம் குறைந்த நிலையே குளிர். எனவே, குளிர்ப்பெட்டியின் பழுதைத் தேடுவோர், வெப்பம் எவ்வழியே புகுந்தது, எவ்விடத்தே வெளியேறாது நின்றது என்றே வினவுதல் வேண்டும்.

இவ்வுண்மையை, குளிர் செய்யும் இயந்திரம் வழக்கில் வருதற்கு முன்னரே, தம் பொருளையும் மானத்தையும் இழந்து கற்றவர் ஒருவர் இருந்தார். சென்னைக் கடற்கரையை அடுத்து ஐஸ் ஹவுஸ் என இன்றும் ஒரு பகுதி வழங்கப்பெறுதற்குக் காரணரான பிரெடரிக் டியூடர் என்பாரே அவர். அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு வரைவோம்.

டியூடர் 1783ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற வழக்கறிஞர். உடன்பிறந்தார் ஹார்வர்டு கல்லூரியிற் பயின்றனர். பிரெடரிக்கோ 13ஆம் வயதிலேயே பள்ளியை விட்டு வாணிகத்திற் புகுந்தார். 1801ஆம் ஆண்டில், நோயுற்ற தம் சகோதரர் ஜானுடன் அவர் கியூபாத் தீவிற்குச் சென்றார். உடல்நலம் நாடிச் சென்ற அவ்விளைஞர் நலம் பெற்றிலர். அடுத்த ஆண்டே உயிர் நீத்தார். வெப்பநாட்டின் கொடுமையைப் பிரெடரிக் தம் கண்ணாரக் கண்டது அப்பயணத்திலேதான்.

அவர் பிறந்த நாட்டிலோ மாரிக்காலத்தில் ஏரிகள் பாறைபோல் உறையும். அப்பனிக்கட்டியைச் செல்வர்கள் தம் தோட்டத்து நிலவறைகளிற் சேமித்து வைத்துக் கோடையிற் பயன்படுத்துவர். இங்கே விலையின்றிக் கிடக்கும் இப்பொருளைக் கப்பலேற்றி வெப்பநாடுகளில் விற்றால் என்ன என்னும் எண்ணம் டியூடருக்கு எழுந்தது. கேட்டோர் நகைத்தனர். பனிக்கட்டியைத் தம் கலங்களில் ஏற்றக் கப்பற்காரர் தயங்கினர். ஆதலின் அவர் பேவரிட் என்னும் கப்பலொன்றைத் தாமே விலைக்கு வாங்கினார். 1806 பிப்ரவரியில் ஏறத்தாழ 130 டன் பனிக்கட்டியுடன் மார்ட்டினிக் என்னும் பிரெஞ்சுத் தீவிற்குப் புறப்பட்டார். அப்போது அவர்க்கு வயது 22.

கப்பல் நலமே போய்ச் சேர்ந்தது. பனிக்கட்டியிலும் பெரும்பகுதி உருகாது நின்றது. ஆயினும், அங்கே அதனை வைத்தற்கு ஏற்ற கொட்டகை இல்லை. கப்பலிலிருந்தே சிறிது சிறிதாக விற்க நேர்ந்தது. வாங்கியவர்க்கும் அதனைப் பேணும் வகை தெரியவில்லை. வெப்பநாட்டில் ஐஸ்கிரீம் செய்தல் இயலாது என்றிருந்த தோட்டச் சிற்றுண்டிச்சாலை ஒன்றின் தலைவர்க்குத் தாமே செய்து காட்டி, அதனை விற்கவும் செய்தார் டியூடர். அஃதொன்றே ஆறுதல். எஞ்சியதெல்லாம் சில கிழமைகளில் நீராய் ஓடிற்று. பெருநஷ்டத்துடன் அவர் ஊர் திரும்பினார்.

ஈண்டே அவர்தம் அறிவின் திறத்தை நாம் காண்கிறோம். பலரும் பனிக்கட்டியின் மீது பழி சுமத்தினர். உருகுவது அதன் இயல்பு, அதனை எங்ஙனம் தடுக்கலாகும் என்றனர். டியூடரோ, கடலில் நின்ற பொருள் கரையில் நில்லாமைக்குக் காரணம் பொருளன்று, அதனை வைக்கும் இடமே என்று துணிந்தார். பழுது எங்கே என்று அறிந்தார். திருத்தும் வகையை அறிதற்கு இன்னும் பத்தாண்டுகள் சென்றன. அவ்வாண்டுகள் துன்பம் நிறைந்தவை. அமெரிக்க அரசு 1807இல் அயல்நாட்டுக் கப்பல் வாணிகத்தையே தடை செய்தது. பின்னர் இங்கிலாந்துடன் போர் மூண்டது. தந்தையாரின் செல்வமும் கரைந்தது. கடன் கொடுத்தோர் நெருக்க, 1812லும் 1813லும் அவர் கடனாளியாகச் சிறை புக நேர்ந்தது.

போர் ஒழிந்ததும், மீண்டும் கடன் பெற்றுக் கியூபாவின் ஹவானா நகரில் தம் கருத்திற்கிசைந்த கொட்டகையைக் கட்டினார். அதன் சுவர் ஒன்றன்று, இரண்டு. வெளிச்சுவர்க்கும் உட்சுவர்க்கும் இடையே வெப்பம் ஊடுருவாத பொருளை நிரப்பினார். எப்பொருள் ஏற்றது என்று அறிதற்கு அவர் கையாண்ட முறை எளியது. வைக்கோல், மரச்சீவல், கம்பளி எனப் பலவற்றை மாற்றி மாற்றி வைத்து, உருகி வடியும் நீர் ஒரு மணிக்கு எவ்வளவு என்று கையிற் கடிகாரத்துடன் நின்று அளந்தார். கதவு திறந்து மூடப்பெறும்போது எவ்வளவு கூடுகின்றது என்பதையும் நோக்கினார். வடியும் நீரே அவர்க்குப் பழுது காட்டும் கருவியாயிற்று. இங்ஙனம் ஆராய்ந்து, உருகி அழியும் பகுதியை நூற்றுக்கு 66இலிருந்து 8க்கும் கீழாகக் குறைத்தார் என்பர் வரலாற்றாசிரியர்.

கப்பலிற் பொதிதற்கு அவர் கண்ட பொருள் மரத்தூள். வட அமெரிக்க மர அறுவை ஆலைகள் வேண்டாவென்று குவித்த பொருள் அது. மரத்தூளின் இடைவெளிகளில் அடைபட்டு அசையாது நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுப்பது. இன்றைய குளிர்ப்பெட்டியின் இரட்டைத் தகடுகளுக்கிடையே உள்ள நுரைப்பொருளும் இதே தொழிலையே செய்கின்றது. 1825ஆம் ஆண்டளவில் நதேனியல் வையத் என்பார் குதிரை இழுக்கும் ஒரு பனிக்கட்டிக் கலப்பையை அமைத்தார். அதனாற் கட்டிகள் ஒரே அளவினவாய் அறுபட்டன. இடைவெளியின்றி அடுக்க இயன்றது. இடையே காற்று உலவாமையின் உருகுதலும் குறைந்தது.

டியூடர்க்குத் துணைநின்ற இயற்கை விதி ஒன்றையும் இங்கே கூறுதல் தகும். ஒரு கிலோ பனிக்கட்டி முற்றும் உருகுதற்கு வேண்டும் வெப்பம், ஒரு கிலோ நீரைச் சுழியிலிருந்து 80 பாகைக்குச் சூடேற்றப் போதுமானது. இத்துணை வெப்பத்தை உட்கொண்டாலன்றி அஃது உருகாது. ஆகவே, வெப்பம் புகும் வழிகளை அடைத்துவிடின், பெருங்குவியலாகிய பனிக்கட்டி திங்கட்கணக்கில் நிற்கும். அதனை நம்பியே அவர் இந்தியாவை நோக்கினார்.

1833 மே மாதத்தில் டஸ்கனி என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு திங்கள் கடலில் மிதந்து, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, செப்டம்பரிற் கல்கத்தாவை அடைந்தது. ஏறத்தாழ 100 டன் உருகாது கிடைத்தது. அந்நகரத்து ஆங்கிலேயர் பெருமகிழ்ச்சியுற்றனர், சுங்கவரி நீக்கப்பெற்றது, பனிக்கட்டிக் கொட்டகை கட்டுதற்குப் பொருள் திரட்டப்பெற்றது. அதன் பின்னர்ப் பம்பாயிலும் சென்னையிலும் அத்தகைய கட்டடங்கள் எழுந்தன.

சென்னையிற் கட்டடம் எழுந்தது 1842ஆம் ஆண்டளவில் ஆகும். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைக்கப்பால் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளே சரக்கைக் கரைசேர்க்கும். பாஸ்டன் ஏரியில் அறுத்த பனிக்கட்டி, திரையெறியும் வங்கக்கடலின் ஊடே அப்படகுகளில் வந்து, கூலியாட்களின் உழைப்பால் அக்கட்டடத்திற் புகுந்தது.

நிற்க. டியூடரின் புகழை மட்டும் கூறி மற்றதை மறைத்தல் முறையன்று. அவர் போட்டியாளரைப் பொறாதவர். தமக்கே தனியுரிமை வேண்டும் என்று எங்கும் முயன்றவர். அவர் விற்ற ஹவானா, சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களின் செல்வம் பெரும்பாலும் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. சென்னையிலும் அப்பனிக்கட்டி ஆங்கில அதிகாரிகளுக்கும் ஒருசில செல்வர்க்குமே எட்டிற்று. காய்ச்சலுற்றோர்க்கு மருத்துவர் அதனைப் பயன்படுத்தியதுண்டு. எனினும், வெயிலில் நின்று சுமந்த ஏழைக்கு அது பெரும்பாலும் சுமையாகவே இருந்திருக்கும். குளிர் அனைவர்க்கும் உரிய பொருளாகப் பின்னும் நெடுங்காலம் சென்றது.

ஆயினும், மற்றொரு செயலால் அவர் நம் மதிப்பைப் பெறுகின்றார். இந்திய வாணிகம் தொடங்கிய காலத்திலேயே காப்பி வாணிகத்திற் பேராசையாற் புகுந்து, 2 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட கடனுக்கு அவர் ஆளானார். மனம் தளராது பனிக்கட்டித் தொழிலையே பற்றி நின்று, அதன் வருவாயிலிருந்து பல ஆண்டுகள் முயன்று அக்கடனைத் தீர்த்தார். கடனுக்காக இருமுறை சிறைப்பட்டவர், அதனினும் பன்மடங்கு பெரிய கடனைத் தீர்த்து, செல்வராய், 1864ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் தம் 80ஆம் வயதில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து இருபதாண்டு நிரம்புமுன்னரே, நீராவியின் வலியாற் பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் இந்தியாவிற் பரவின. அமெரிக்க ஏரிப் பனிக்கட்டி இங்கே வருதல் நின்றது. பயனற்றுக் கிடந்த சென்னைக் கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கித் தம் இல்லமாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் அரசாங்கம் அதனை வாங்க, சகோதரி சுப்பலட்சுமியார் நடத்திய இளம் விதவையர் விடுதி அங்கே இயங்கிற்று. 1963இல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. வெப்பம் புகாதபடி எழுப்பிய கட்டடத்திற்குப் பின்னர்ச் சாளரங்கள் திறந்தது காலத்தின் விளையாட்டே.

டியூடர் வாணிகம் அழிந்தபோதிலும் அவர் காலத்து அளவை ஒன்று இன்றும் அழியவில்லை. குளிர்செய்யும் இயந்திரங்களின் ஆற்றலை ஒரு டன், இரண்டு டன் என்று நாம் கூறுகிறோம். அஃது இயந்திரத்தின் எடையன்று. 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒருநாள் முழுதும் உருகுங்கால் எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ, அதே நேரத்தில் அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலே ஒரு டன். பனிக்கட்டி வாணிகம் விட்டுச்சென்ற சொல் இது.

மாணவ நண்பர்களே, நம்மிற் பலர் கருவிகளோடு பழகும் தொழில்களையே மேற்கொள்ளப்போகின்றோம். நூல்களோடு பழகுவோர்க்கும் இவ்வரலாறு வேண்டாததன்று. ஒரு காரியம் கெட்டபோது, கண்முன் நிற்பதன்மேற் பழிபோட்டுவிட்டு எழுந்துபோதல் எவர்க்கும் எளிது. எழாது நின்று, சொட்டும் நீரை எண்ணி, எவ்வழியே கேடு புகுந்தது என்று அறிந்து அவ்வழியை அடைப்பவரே பழுது நீக்குவோர் ஆவர். கூலி பெற்று அடுக்களையின் மூலையில் மண்டியிட்டுக் காகிதத் துண்டால் கதவைச் சோதிக்கும் மெக்கானிக்கும் அவ்வகையினரே. அவர்தம் அறிவும் அறிவே என்பதை நாம் மறவாதிருப்போமாக.