பட்டம் துறந்த மணி ஐயர்

பட்டம் என்றால் நமக்கு பி.எஸ்சி.தான் நினைவுக்கு வரும். அந்நாளில் படித்தவர் பலரின் கனவு 'சர்' பட்டமே!

மதுரையில் 1842இல் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாகப் பொறுப்பு வகித்தவர். விக்டோரியா மகாராணி 1878இல் தோற்றுவித்த இந்தியப் பேரரசு விருதணியில் 1891இல் சேர்க்கப்பட்டார். 1900இல் அதில் உயர்ந்து, 'சர்' ஆனார்.

1917இல் அன்னி பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டார். இந்தியருக்குத் தன்னாட்சி வேண்டி, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார் ஐயர். ஆட்சியாளர் சினந்தனர். அவர் பணியவில்லை. 1918இல், 75 வயதைக் கடந்த முதுமையில், பட்டங்களைத் துறந்தார். 1924இல் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் பெறப்போகும் முதல் ஆள் நான். பெற்ற பட்டத்துக்காக வாய்மூடி இருக்கலாகாது என்பதை இவரிடம் கற்றேன்.